கேமரன் மலைக்குப் பச்சை பார்க்கப் போனேன்

திருவல்லிக்கேணியில் ஓர் அச்சாபீஸில் எனக்குப் பிழை திருத்துகிற வேலை. பகல் முழுவதும் ஒரு சாண் தூரத்தில் ஈரக் காகிதத்தை வைத்துக்கொண்டு, எங்கே கால் விட்டுப்போயிற்று, எங்கே ஒற்று மிகுந்துவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பேன். மாலையில் வீடு திரும்பும்போது எதிரே வருகிறவர்களின் முகங்கள் மை கசிந்த எழுத்துப் போலத் தெரிய ஆரம்பித்ததும் கண் வைத்தியரிடம் போனேன். சொட்டு மருந்து தருவார் என்று நினைத்தேன். "தினம் காலையில கொஞ்ச நேரம் தூரத்துல இருக்கிற பச்சையைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கள் சந்தில் தூரம் என்பதே கிடையாது. கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர். பச்சை என்று பார்த்தால் அந்த வீட்டுக் கதவு ஒன்றுதான், அதுவும் பெயின்ட். சில நாள் காலையில் காப்பியும் கையுமாக வாசலில் நின்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு நினைவில்லை. அவர்களுடைய தகப்பனாருக்கு நினைவிருந்தது. அவர் வந்து விசாரித்துவிட்டுப் போனதோடு வைத்தியத்தை நிறுத்திவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா என்னை மலேயாவுக்குப் போகச் சொன்னாள். என் தங்கை கோமதி கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தாள். அவள் கணவர் சிவசாமி அங்கே பெரிய கிராணி; ஆபீஸ் முழுவதும் அவர் பொறுப்பு. கோமதிக்குத் தலைப்பிரசவம். மலேயாவிலோ அவசரகாலச் சட்டம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம். பத்திரிகையில் மலேயா என்ற பெயரைக் கண்டாலே அம்மா விளக்கேற்றப் போய்விடுவாள்.

"கப்பல்காரன் ஏத்திக்க மாட்டேன்னு சொல்ற மாசம் வர்றதுக்குள்ள அவளைக் கூட்டிக்கிட்டு வந்துடு" என்றாள்.

வைத்தியரிடம் விஷயத்தைச் சொன்னேன். தேயிலை மலையா என்று கேட்டு முதல் தடவையாகச் சிரித்தார். திகட்டுகிற வரைக்கும் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

மலையடிவாரத்தில் தாப்பா என்று ஓர் ஊர். அங்கிருந்து மேலே போகிற வண்டிகளெல்லாம் வரிசையாகச் சேர்ந்து, முன்னும் பின்னும் பட்டாள வண்டிகள் காவலுக்கு வர, ஊர்வலம் மாதிரிதான் போக வேண்டும். கான்வாய் என்கிறார்கள். தோட்டத்து லாரி பழுதாகிக் கிடந்ததால், கோலா தெர்லாவில் காய்கறி பயிரிடுகிற சீனர் ஒருவருடைய லாரியில் எனக்கு இடம் கிடைத்தது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் இரும்புத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். முன்பக்கத்தில் டிரைவருக்கு மட்டும் பட்டையாக ஓர் இடைவெளி. குண்டு பாயாமல் இருக்கவாம்.

லாரியின் பின்னால் இருந்தது இறால் தூள், முட்டைக்கோசுக்குப் போடுகிற உரம். நான் பிறந்ததிலிருந்து சைவம். முதல் வளைவிலேயே அந்த வாசனை என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டேன். வழி நெடுக அப்படி ஒரு காடு, மூங்கிலும் மரப்பெரணியும் அருவியுமாக இருக்கும் என்று பிற்பாடு பலர் சொல்லக் கேட்டேன். நான் பார்த்தது இரும்புத் தகடு.

ரிங்லெட்டில் சோதனைச் சாவடி. அதற்கு எதிரே காதர் நானாவின் சாப்பாட்டுக் கடை. நானா ராமநாதபுரத்துப் பக்கம். மலாய் தெரியாத தமிழர்கள் சாவடியில் மாட்டிக்கொண்டால், தோளில் துண்டோடு வந்து மொழிபெயர்ப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. என் பெட்டியைத் திறந்ததும் அம்மா கொடுத்துவிட்ட டப்பா வெளியே வந்தது. உள்ளே பொருள்விளங்கா உருண்டை.

மலாய்க் கான்ஸ்டபிள் ஓர் உருண்டையை எடுத்து மேஜையில் தட்டினார். டொக்கென்று சத்தம் கேட்டது. அவர் முகம் மாறிவிட்டது.

"இது என்ன பொருள்ல செஞ்சதுன்னு கேக்குறாரு தம்பி" என்றார் நானா.

"பொருள் விளங்காது. அதான் அதோட பேரு" என்றேன்.

நானா அதை அப்படியே மலாயில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. உள்ளேயிருந்து இன்னும் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். இது தின்கிற பண்டம்தான் என்று நிரூபிக்க நான் ஒன்றைக் கடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அது உடைய நேரமாயிற்று. எல்லோரும் பொறுமையாக நின்றார்கள்.

"இது கெட்டுப்போவாம எத்தனை நாளைக்கு இருக்கும்னு கேக்குறாரு."

அம்மாவின் கைப்பக்குவத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "மாசக் கணக்கா இருக்கும். மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. ஒண்ணு சாப்பிட்டா அரை நாளைக்குப் பசிக்காது" என்றேன்.

நானா மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். "தம்பி, காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறவனுக்கு வேற என்ன வேணும்? நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்களே" என்றார்.

டப்பாவைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். காட்டில் இருக்கிறவர்களுக்கு அரிசியும் தீனியும் போய்ச் சேரக் கூடாது என்று சட்டம். நானா எனக்கு இழுத்து ஆற்றிய தேநீர் ஒரு குவளையும் ரொட்டியும் கொடுத்து, "இங்கனயே உக்காந்து தின்னுட்டுப் போங்க. வயித்துல இருக்கிறதை எவனும் சோதிக்க மாட்டான்" என்றார். அதுவும் பொய் என்று பிறகு தெரிந்தது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலப் பனி இறங்கிவிட்டது. முள்கம்பி வேலி, கேட், மணல் மூட்டை, ஒரு சங்கு. சங்கு ஊதினால் வேலிக்கு வெளியே யாரும் இருக்கக் கூடாது.

மறுநாள் விடிந்ததும் ஆவலோடு ஜன்னலைத் தேடினேன். மலைப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார் மாப்பிள்ளை.

"குளிருக்கா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"துப்பாக்கிக்கு மச்சான்" என்றார்.

சிவசாமி ஈப்போவில் படித்தவர். ஒல்லியான, நிதானமான மனிதர். வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் லெம்பா பெர்த்தாம் வரை சைக்கிளில் போய் வருவாராம். இப்போது மாலையில் உலாவ வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளேயே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வருவார். கோமதி அந்த மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தால் அவளையும் சேர்த்துச் சுற்றுவார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. அதன் நடுவே இவர்கள் பலகைக்குப் பின்னால். எங்கள் சந்தே பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

அவர் ஆபீஸுக்குக் கிளம்பியதும் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கோமதி கேட்டுக்கொண்டாள்.

"வர்றேன் அண்ணா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல கொண்டை வரைக்கும் போய்ப் பார்க்கணும். அஞ்சு வருசமா மலையில குடித்தனம் பண்றேன், ஏறினதில்லை. நாளைக்கு ஊர்ல போய் யாராவது மலை எப்படி இருக்கும்னு கேட்டா, பலகை பலகையா இருக்கும்னா சொல்றது?"

கொண்டை என்பது தோட்டத்தின் உச்சி. அங்கே கொழுந்து எடுக்கப் போகிற பெண்களுக்குத் தலைவி போல ஒருத்தி, அஞ்சலை. உரத்த குரல், கங்காணிக்கே அவளிடம் பயம். அவளைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"வாங்கம்மா, எங்க கூட போயிட்டு வந்துடலாம்லா. துப்பாக்கிக்காரன் கூடவேதான் வரான். ஆனா ஒண்ணு, சாப்பாடு மட்டும் கொண்டாரக் கூடாது. ஒரு பருக்கை இருந்தாலும் புடிச்சுக்குவான்" என்றாள்.

கோமதிக்கு அந்த மாதங்களில் அரை மணிக்கொரு தரம் பசிக்கும். பசித்தால் கண் இருட்டும். மறுநாள் காலை சிவசாமி போனதும் எலுமிச்சம்பழச் சாதம் பிசைந்து, சிறு சிறு பொட்டலமாக இலையில் கட்டி, மடக்கிய என் குடைக்குள் ஒவ்வொன்றாக இறக்கினாள். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். ஆனால் அவள் அதை இறக்கிய நேர்த்தியைப் பார்த்தால் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள் போலிருந்தது.

கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு மலாய் அம்மாள். கோமதியின் வயிற்றைப் பார்த்ததும் சந்தேகத்தோடு கை வைத்தாள். உள்ளேயிருந்து உதை விழுந்தது. அம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அது கடத்தற சாமான் இல்ல, கிராணி ஐயா வூட்டுச் சரக்கு" என்றாள் அஞ்சலை. வரிசை முழுவதும் சிரித்தது. கோமதி வெளியே போய்விட்டாள். அடுத்து நான்.

என் சட்டைப்பை, கண்ணாடிக்கூடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மாட் என்கிற இளம் கான்ஸ்டபிள் போகலாம் என்று தலையசைத்தார். அந்த நொடியில் மழை பிடித்துக்கொண்டது. சென்னையில் மழை வரப்போகிறது என்று ஒரு வாரம் முன்னதாகவே பேச ஆரம்பித்துவிடுவோம். அங்கே அப்படியில்லை, யாரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி வந்தது. பெண்கள் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டார்கள். மாட் ரப்பர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் கையில் குடையோடு நனைந்துகொண்டு நின்றேன்.

மாட் என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். மலாயில் ஏதோ கேட்டார்.

"குடையை ஏன் விரிக்கலைன்னு கேக்குறாரு" என்றாள் அஞ்சலை. அவளுக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

"நனையத்தான் வந்தேன்னு சொல்லு. எங்க ஊர்ல இந்த மாதிரி மழை கிடையாது. டாக்டர் இயற்கையோட இருக்கச் சொல்லியிருக்கார்."

அவள் சொன்னாள். மாட் நல்ல பிள்ளை. வயதில் பெரியவன், வெளியூர்க்காரன், கொஞ்சம் சித்தம் கலங்கியவன் என்று இரக்கப்பட்டிருக்க வேண்டும். என் கையிலிருந்து குடையை மெதுவாக வாங்கி, என் தலைக்கு மேலே உயர்த்தி, விரித்துவிட்டார்.

பொட்டலங்கள் எங்கள் இருவர் மேலும் விழுந்தன. ஒன்று அவிழ்ந்து அவர் தொப்பியில் மஞ்சளாக உட்கார்ந்தது. ஒரு கடுகு மூக்கு வழியாக இறங்கியது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடியே விசிலை எடுத்து ஊதினார்.

அதற்குப் பிறகு நடந்ததில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. காவல் கொட்டகையில் கோமதியையும் என்னையும் உட்கார வைத்தார்கள். சாப்பாடு கடத்துகிறவர்களுக்கு ஜெயில். சில பேரைக் கப்பலேற்றி நாடு கடத்தியதும் உண்டு என்று அஞ்சலை மெல்லச் சொன்னாள். சிவசாமி உள்ளூர்க்காரர், அவரைக் கப்பலேற்ற மாட்டார்கள்; ஆனால் கிராணி வேலை போய்விடும். சற்று நேரத்தில் ஆபீஸிலிருந்து சிவசாமி மழையில் ஓடிவந்தார். அவர் ஓடிப் பார்த்ததே இல்லை என்று கோமதி பிறகு சொன்னாள். ஜீப்பில் ரிங்லெட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். மலாய்க்காரர், நடுவயது, களைத்த முகம். அஞ்சலையையே மொழிபெயர்க்கச் சொன்னார்.

"இந்தச் சாப்பாட்டைச் செஞ்சது யாருன்னு கேக்குறாரு."

"நான்" என்றாள் கோமதி.

"நான்தான். குடை என்னுது" என்றேன்.

சிவசாமி தலையிலிருந்து தண்ணீர் சொட்ட எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். "இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. நான் செஞ்சது" என்றார். குரல் நடுங்கியது. ஆனாலும் நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் மூவரையும் பார்த்துவிட்டு, சிவசாமி பக்கம் திரும்பி, எப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

"அரிசியைக் கழுவணும்" என்று சிவசாமி தொடங்கினார். பிறகு யோசித்தார். "எலுமிச்சம்பழத்தை நாலா வெட்டி அரிசியோட போட்டு வேக வைக்கணும். மஞ்சள் நிறம் பழத்துலேருந்து தானா இறங்கும்."

கோமதி பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. "பழத்தைப் போட்டு வேக வச்சா கசந்து வழியும். சாதத்தை ஆற வச்சு, தாளிச்சுக் கொட்டி, அப்புறம்தான் சாறு பிழியணும். மஞ்சள் நிறம் மஞ்சப்பொடி. இத்தனை வருசமா என் கையால சாப்பிட்டுட்டு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அஞ்சலை ஒன்று விடாமல் மொழிபெயர்த்தாள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"யாருக்காக இவ்வளவுன்னு கேக்குறாரு."

"எனக்குத்தான். எனக்குப் பசிக்கும்."

"இவ்வளவும் ஒரு ஆளுக்கான்னு கேக்குறாரு."

கோமதி மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். மேஜையில் சாட்சிக்காக அடுக்கி வைத்திருந்த பொட்டலங்களில் ஒன்றை இழுத்துப் பிரித்தாள். பிடிபட்டதிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவள். சாப்பிட ஆரம்பித்ததும் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது. ஒன்று முடிந்தது, அடுத்தது. இடையில் மாட் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கடைசி இலையை வழித்துவிட்டு நிமிர்ந்தபோது சாட்சி எதுவும் மிச்சமில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் சொன்னதை அஞ்சலை சிரிக்காமல் மொழிபெயர்க்கச் சிரமப்பட்டாள். "இவங்க கிட்ட இருக்கிற சோறு காட்டுக்காரன் கைக்குப் போகாதாம். அவரு சம்சாரத்துக்கும் இப்ப மாசமாம்."

தோட்டத்து மானேஜர் துரையோடு போனில் பேசினார்கள். கிராணி இல்லாவிட்டால் ஆபீஸில் எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று துரை சொல்லியிருக்கிறார். அதனால் சிவசாமிக்கு எச்சரிக்கையோடு போயிற்று. வெளியூர்க்காரனான நான் மட்டும் நாளை மறுநாள் கான்வாயில் இறங்கிவிட வேண்டும் என்று உத்தரவு.

அன்று மாலை சிவசாமி மேஜையைச் சுற்றவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?" என்றார்.

"கேட்டேன். வந்த வருசத்துலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் கோமதி.

அவர் என்னிடம் திரும்பினார். "பக்கத்துத் தோட்டத்துக் கிராணி என் கூடப் படிச்சவன் மச்சான். ரோட்டுல வச்சுச் சுட்டுட்டாங்க. வேலையா போனாக்கூட மனசு ஆறும். அவன் சும்மா காத்து வாங்கப் போனான். வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கெடந்தா பைத்தியம் புடிச்சிடும்னு சொல்லிட்டுப் போனான்." கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். "அவன் சொன்னது சரிதான். அதான் எனக்குக் கோபம்."

கோமதியைக் கூட்டிக்கொண்டு போகிற பேச்சை எடுக்க எனக்கு அன்று வாய் வரவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது சிவசாமி பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். துரையிடம் முந்தின நாளே அரை நாள் லீவு கேட்டுவிட்டாராம். "பசியாறிக்குங்க. கோமதி, நீ ரெண்டு தடவை பசியாறிக்க. போலாம்" என்றார்.

கேட்டில் மாட் எங்களைக் கண்டதும் ஜாக்கிரதையாகக் குடை எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விட்டார். அவர்தான் அன்று துப்பாக்கியோடு கூட வந்தார். தேயிலை நிரைகளுக்கு நடுவே செம்மண் பாதை. வழுக்கியது. கோமதி அஞ்சலையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நின்று நின்று ஏறினாலும் முகத்தில் களைப்பில்லை. சிவசாமி ஒவ்வொரு திருப்பத்திலும் காட்டு விளிம்பைப் பார்த்தார். ஒரு காட்டுக்கோழி படபடவென்று எழுந்தபோது ஆண்கள் மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டோம், மாட் உட்பட.

கொண்டைக்குப் போய்ச் சேர்ந்தால் பனிமூட்டம். வெள்ளை வேட்டியைக் கண்ணெதிரே பிடித்த மாதிரி. பக்கத்துச் செடி தெரியும். அதற்கடுத்த செடி தெரியாது. கப்பலேறி, வாந்தியெடுத்து, போலீஸில் மாட்டி நான் வந்து சேர்ந்த காட்சி இதுதான்.

"இன்னிக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றாள் அஞ்சலை. பெண்கள் கூடைகளோடு பனிக்குள் கரைந்துவிட்டார்கள். கொழுந்து கிள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயோ ஒரு பறவை நீளமாகக் கூவி நிறுத்தியது, மறுபடி கூவியது.

"அது என்ன பறவை?" என்று சிவசாமி கேட்டார்.

"தெரியாதுங்க ஐயா. வேலை நேரத்துல நாங்க அதெல்லாம் பாக்குறதில்ல" என்றது பனிக்குள்ளிருந்து அஞ்சலையின் குரல்.

நாங்கள் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். ஈர மண்ணும் பச்சை இலையும் கலந்த வாசனை. கோமதி செருப்பைக் கழற்றிப் புல்லில் காலை வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. பிறகு கீழேயிருந்து ஒரு காற்று வந்தது. பனி கிழிந்த இடத்தில் ஒரு சரிவு தெரிந்தது, அதற்கப்பால் இன்னொன்று, அதற்கும் அப்பால், வெயில் பட்டு, சீவி விட்ட தலை மாதிரி நிரை நிரையாக ஒரு மலை முழுக்கத் தேயிலை. ஆளுக்கு ஒரு மூச்சு விடுவதற்குள் பனி மறுபடியும் மூடிக்கொண்டது.

"பார்த்தியா?" என்றார் சிவசாமி.

"பார்த்தேன்."

"நான் இடது பக்கம் பார்த்துக்கிட்டிருந்துட்டேன். நாளைக்கு வந்து சரியா பார்க்கணும்" என்றார்.

கோமதி அவரை வெகுநேரம் பார்த்தாள். இறங்குகிற வழியில் என் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, நான் வரல."

"அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இங்க தோட்டத்து ஆஸ்பத்திரி இருக்கு, அஞ்சலை இருக்கா. பிரசவத்துக்குப் பயந்து நான் ஊருக்கு வர்றேன்னு சொல்லல. பலகைக்குப் பயந்துதான். தினம் இந்தக் கொஞ்ச நேரம் கிடைச்சா போதும், இருந்துடுவேன். நான் கப்பலேறிட்டா இவர் திரும்பவும் மேஜையைச் சுத்த ஆரம்பிச்சுடுவார்."

பயமாக இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். வீட்டுக்குள் இருந்தபோதும் இருந்தது என்றாள். அதற்கு மேல் வாதாட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை என்னை ஏற்றிக்கொண்ட லாரி, கான்வாய்க்காகத் தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரம் நின்றது. முட்டைக்கோஸ் ஏற்றியது, பின்பக்கம் திறந்தது. நான் கூடைகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். எதிரே மலைச் சரிவில் கொழுந்தெடுக்கிறவர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். சாக்குப் போர்த்திய தலைகள், கூடைகள், பின்னால் துப்பாக்கியோடு ஓர் உருவம். நடுவில் கோமதியைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. அந்த வரிசையில் அவ்வளவு மெதுவாகவும் அவ்வளவு அதிகாரமாகவும் வேறு யாரும் நடக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் பின்னால் சிவசாமி. ஆபீஸுக்குப் போகிற உடுப்பில் இருந்தார். ஏறி இறங்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போவதாக ஏற்பாடு.

பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. நின்றுவிட்டார். பெண்கள் பார்க்கிறார்களே என்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மலையை ரசிக்கிறவர் போலத் தலையை உயர்த்தினார். எங்கள் கான்வாய் புறப்பட்டது. லாரி முதல் வளைவை அடைகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை. நடிக்க ஆரம்பித்தவர் உண்மையாகவே பார்க்கத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது. கோமதி பாதையில் திரும்பி இறங்கி வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.